மலையகத்துப் பாலூட்டிகள்: பிள்ளைகளின் சுவர்ப் பத்திரிகைக்குச் சரியான தகவல் வேண்டும்

#1 தேயிலைத்தூறல்

வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் சுற்றாடல் கழகத்துக்காகக் கேட்கிறேன். ஆகஸ்ட் 1 இலங்கைச் சிறுத்தை தினம். அதற்குள் தரம் 6, 7, 8 பிள்ளைகள் காட்டுப் பாலூட்டிகளைப் பற்றி ஒரு சுவர்ப் பத்திரிகை போடுகிறார்கள். தேடினால் ஒட்டகச்சிவிங்கி, துருவக்கரடி, கங்காரு என்றுதான் வருகிறது. லயத்துக்கு (தோட்டக் குடியிருப்பு வரிசைக்கு) பின்னாலுள்ள காட்டில் நடமாடும் விலங்கைப் பற்றித் தமிழில் நாலு வரி கிடைப்பது கஷ்டம்.

தகவல் இந்த மலைக்குரியதாக இருக்க வேண்டும். பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் சொல்லப் பதில் வேண்டும். பிள்ளை தானே பார்த்து உறுதிப்படுத்தக்கூடியதாக இருந்தால் மிக நல்லது.

பிள்ளைகள் இதுவரை எழுதித் தந்ததில் மூன்று சந்தேகம்: முள்ளம்பன்றி முள்ளை எய்யும்; ஹோட்டன் சமவெளியில் கரடி உண்டு; நம்ம மலையில் புலி உண்டு. இவற்றைப் போடலாமா?

#2 பட்டிப்பொலப்பனி

மூன்றுமே சரியில்லை டீச்சர். ஆனால் அடித்துவிட வேண்டாம். ஏன் சரியில்லை என்பதைப் பக்கத்திலேயே எழுதினால் அதுதான் பத்திரிகையில் அதிகம் பேர் வாசிக்கும் பகுதியாக இருக்கும்.

முள்ளம்பன்றி முள்ளை எய்யாது. முள் என்பது தடித்து இறுகிய மயிர். நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின்தான் அதிலும். பயந்தால் தோலடித் தசைகள் சுருங்கி முள் எல்லாம் நிமிர்ந்து நிற்கும். வால் நுனியில் உள்ளே பொள்ளலான குட்டை முட்கள் இருக்கின்றன, அவற்றை ஆட்டிச் சலசலவென்று எச்சரிக்கும். அதற்கும் நாய் விலகாவிட்டால் பின்பக்கமாகப் பாய்ந்து குத்தும். முள் தோலில் தளர்வாகத்தான் ஊன்றியிருப்பதால் கழன்று நாயின் முகத்திலேயே தங்கிவிடும். இருட்டில் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு எய்ததாகத் தோன்றுவது இதனால்தான். கழன்ற இடத்தில் புது முள் முளைக்கும்.

கரடி இலங்கையில் உலர் வலயத்துக் காட்டு விலங்கு. யால, வில்பத்து, வஸ்கமுவ பக்கம் உண்டு, ஹோட்டன் சமவெளியில் இல்லை. மலை உச்சிக் காட்டில் கறுப்பாக, புசுபுசுவென்று பிள்ளைகள் கண்டது பெரும்பாலும் மந்தியாக இருக்கும். குளிருக்காக அதன் உரோமம் தாழ்நில மந்தியைவிட நீளமாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்திருக்கிறது.

தோட்டத்தில் எல்லாரும் புலி என்பது சிறுத்தையைத்தான். வரிப்புலி இப்போது இத்தீவில் இல்லை. ஆனால் இரத்தினபுரிப் பகுதியில் கிடைத்த புதைபடிவங்கள், வெகு காலத்துக்கு முன் இங்கே வரிப்புலியும் சிங்கமும் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. இதை அவசியம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

#3 கவ்வாத்துக்கத்தி

சிறுத்தைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். இலங்கைச் சிறுத்தை இத்தீவில் மட்டுமே வாழும் துணையினம். அளக்கப்பட்ட ஆண் சிறுத்தைகளின் சராசரி எடை 56 கிலோ, பெண்ணுக்கு 29 கிலோ. ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். அதனால் "சின்னதாக ஒன்று, பெரிதாக ஒன்று" என்று கண்டவர் சொன்னால் இரண்டு இனம் என்று அர்த்தமில்லை.

வேறு நாடுகளில் சிங்கமோ வரிப்புலியோ கழுதைப்புலியோ இரையைப் பறித்துவிடும் என்பதால் சிறுத்தை அதை மரத்தில் ஏற்றிவைக்கும். இங்கே அதற்கு மேலே வேறு வேட்டை விலங்கு கிடையாது. ஆகவே இலங்கைச் சிறுத்தை இரையை மரத்துக்குத் தூக்குவது குறைவு, தரையிலேயே புதர் மறைவில் தின்கிறது. பாடப்புத்தகப் படத்தில் எப்போதும் மரக்கிளையில் இரையோடு இருக்கும், அதைப் பார்த்து வரையும் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

உடலிலுள்ள புள்ளிக் கூட்டம் ஒவ்வொரு சிறுத்தைக்கும் வேறு. இதைவிடச் சுவையான விஷயம், ஒரே சிறுத்தையின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றில்லை. காட்டில் தானியங்கிக் கமரா வைப்பவர்கள் பாதையின் இரு புறமும் ஒன்றாக இரண்டு கமரா கட்டுவது இதற்காகத்தான். ஒன்று மட்டும் இருந்தால், இடப்பக்கம் தெரியும் ஒரு படமும் வலப்பக்கம் தெரியும் இன்னொரு படமும் ஒரே சிறுத்தையா, இரண்டா என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டும் இதில் இருக்கிறது: மூன்று சிறுத்தைகளின் இடப்பக்கப் படங்கள் ஆறை ஒட்டி, எவை ஒரே ஆள் என்று சோடி சேர்க்கச் சொல்லுங்கள். விலாவில் ஒரு சிறு பகுதியை எடுத்துப் புள்ளிகளின் வடிவத்தை ஒப்பிட வேண்டும். தலையைப் பார்த்தால் குழப்பம்தான் வரும், படத்துக்குப் படம் தலை திரும்பியிருக்கும்.

கருஞ்சிறுத்தையும் இதே இனம்தான். கறுப்பு நிறத்துக்கான மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்தால்தான் குட்டி கறுப்பாகும். தாயும் தந்தையும் சாதாரண நிறமாக இருந்தாலும் கறுப்புக் குட்டி பிறக்கலாம். சரிவான வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்புக்குள் புள்ளிகள் தெரியும். 2020 மே மாதம் நல்லதண்ணி என்ற இடத்தில் சுருக்குக் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாளில் இறந்துபோனது. அது பன்றிக்கு வைத்த சுருக்கு. இப்படிப்பட்ட சுருக்கில் பல தடவை சிறுத்தை தலையை நுழைத்து முன்னே போகும்போது கம்பி இடுப்பில் இறுகுகிறது. விடுபட இழுக்க இழுக்க உள்ளுறுப்புகள் நசுங்கும். வெளிக்காயம் சிறிதாகத் தெரிந்தாலும் பிழைப்பது அரிது, காரணம் இதுதான். பிள்ளைகள் காட்டோரத்தில் கம்பிச் சுருக்கைக் கண்டால் கை வைக்காமல் இடத்தை மட்டும் நினைவில் வைத்துப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். இந்த வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

#4 ஊவாக்காற்று

அண்ணன் சொன்னதோடு இதையும் சேருங்கள். தேயிலைச் செடிக்கு அடியில் குட்டி கிடந்தால் அது அநாதை இல்லை. தாய் குட்டியை மறைத்துவிட்டு இரை தேடப் போயிருக்கிறது. கொழுந்து எடுப்பவர்கள் எல்லாரும் அந்த மலையை விட்டு விலகி, அன்று முழுக்க யாரும் போகாமல் இருந்தால், பெரும்பாலும் இருட்டியதும் தாய் வந்து வாயில் கவ்வி இடம் மாற்றிவிடும். வனசீவராசிகள் அலுவலகத்துக்கும் சொல்லிவிட வேண்டும். குட்டியை லயத்துக்குத் தூக்கிவந்தால் தாய் அந்தச் சுற்றிலேயே தேடி அலையும், ஆபத்து அப்போதுதான். வேட்டை பழக குட்டி ஒன்றரை வருடத்துக்கு மேல் தாயோடு இருக்க வேண்டும். கையில் வளர்ந்த குட்டியைத் திரும்பக் காட்டில் விடுவது மிகக் கடினம்.

இன்னொன்று. "சிறுத்தைக் குட்டி" என்று தூக்கிவருவது பல தடவை மீன்பிடிப் பூனையாக இருக்கும். சிறுத்தையின் வால் நீளம். மீன்பிடிப் பூனையின் வால் குட்டை, உடம்பின் பாதியளவுகூட வராது. நெற்றியில் கருங்கோடுகள் பின்னோக்கி ஓடும். உடம்பில் இருப்பது தனித்தனிப் புள்ளி, பூப்போன்ற வளையம் இல்லை. நாட்டின் காடுகளில் வாழும் பூனைக் குடும்பத்தில் நான்கு இனம்: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துருப்புள்ளிப் பூனை. கடைசியாகச் சொன்னது உலகிலேயே மிகச் சிறிய பூனையினங்களில் ஒன்று, வளர்ந்த பிறகும் ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

#5 பட்டிப்பொலப்பனி

மரையை (பெரிய மான் இனம்) யாரும் சொல்லவில்லையே. ஹோட்டன் சமவெளியில் பிள்ளைகள் நிச்சயம் காணக்கூடிய விலங்கு அதுதான். 2,100 மீற்றருக்கு மேல் 3,160 ஹெக்டேயர், 1988 முதல் தேசியப் பூங்கா. அங்குள்ள சிறுத்தைக்கு முக்கிய உணவும் மரையே.

கொம்பு விஷயம் அருமையான பாடம். எருமைக் கொம்பும் மரைக் கொம்பும் ஒன்றில்லை. எருமையினது உள்ளே எலும்பு, வெளியே கெரட்டின் உறை. ஆண் பெண் இரண்டுக்கும் உண்டு, வாழ்நாள் முழுக்க நிற்கும். மரையினது முழுக்க எலும்பு. ஆணுக்கு மட்டும்தான். விழுந்து மறுபடி முளைக்கும். முளைக்கும் காலத்தில் இரத்த நாளம் நிறைந்த மென்தோல் மூடியிருக்கும், வளர்ந்து முடிந்ததும் மரத்தில் உரசி அந்தத் தோலை உரித்துப்போடும். பட்டை தேய்ந்து கிடக்கும் மரத்தைக் கண்டால் காரணத்தைப் பிள்ளைகளே ஊகிக்கட்டும். முற்றிய கொம்பில் பொதுவாகப் பக்கத்துக்கு மூன்று முனை. வயதை எண்ண முனைகளை எண்ணக் கூடாது, மூன்றுக்கு மேல் வழக்கமாக அதிகரிக்காது.

வருடா வருடம் இத்தனை கொம்பு விழுந்தால் காடெல்லாம் கொம்பாக இருக்க வேண்டுமே? முள்ளம்பன்றி கொறித்துவிடுகிறது. அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், ஓயாமல் வளரும் வெட்டுப்பல் தேயவும் வேண்டும். அப்படிக் கொறித்த கொம்பில் இணை இணையாகப் பல் வரி தெரியும். பூங்காவுக்குள் கிடப்பதை எடுத்துவர அனுமதி இல்லை, படம் பிடிக்கலாம்.

#6 ஊவாக்காற்று

அங்கே மரைக்கு பிஸ்கட் நீட்டுகிறார்கள், பொலித்தீனோடு. நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை வாங்கி வைப்பது இதற்காகத்தான். ஏன் ஒரு பை உயிரை எடுக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு இப்படி விளக்கலாம்: அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையிலிருந்து அடுத்த அறைக்கு, நன்றாக மென்று சிறிதான துணுக்கு மட்டும்தான் போகும். புல் மறுபடி வாய்க்கு வந்து அரைபடும். பொலித்தீன் எத்தனை முறை மென்றாலும் சிறிதாகாது, அங்கேயே தங்கிச் சுருண்டு பந்தாகும். வயிறு நிறைந்த உணர்வோடு, மேய முடியாமல், பல நாள் மெலிந்து சாகும்.

#7 தேயிலைத்தூறல்

எல்லாருக்கும் மிக்க நன்றி. இதுவே இரண்டு பலகைக்குப் போதும். தானே சரிபார்ப்பது பற்றி ஒரு கேள்வி. காட்டோர மண் பாதையில் கால்தடங்கள் கிடக்கின்றன. பாரிஸ் சாந்தில் (பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ்) அச்செடுக்கலாம் என்கிறார்கள். ஒரு முறை முயற்சித்து நொறுங்கிவிட்டதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அளவு என்ன?

#8 ஓயாக்கரை

மலையில் சாந்து நொறுங்க முதல் காரணம் பழைய சாந்து. நம் ஈரக்காற்றில் பொதி திறந்து வைத்தால் ஒரு மாதத்திலேயே ஈரம் குடித்துப் பாதி இறுகிவிடும், பிறகு தண்ணீர் சேர்த்தாலும் பிடிக்காது. வாங்கிய அன்றே இறுக்கமான மூடியுள்ள போத்தலில் கொட்டுங்கள். சிறிதளவு குழைத்துப் பாருங்கள், அரை மணி நேரத்தில் கல்லாகாவிட்டால் அந்தச் சாந்து வேண்டாம்.

அளவு: 200 மில்லிலீற்றர் கோப்பையால் சாந்து இரண்டு, தண்ணீர் ஒன்று. 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வளையத்தில் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் கனத்துக்கு இது வரும். நாய், பூனை, மரைத் தடத்துக்குப் போதும். 1 சென்ரிமீற்றருக்கு மெல்லியதாக ஊற்றினால் தூக்கும்போது உடையும்.

தடத்தில் விழுந்த இலை, குச்சியை விரல் நுனியால் எடுக்கவும். மண்ணில் அழுந்திப் புதைந்ததைத் தொட வேண்டாம், தடம் பெயர்ந்துவரும். தண்ணீர் தேங்கியிருந்தால் துணி நுனியால் உறிஞ்சவும். 4 சென்ரிமீற்றர் அகலமான அட்டைப் பட்டியை வளையமாக்கித் தடத்தைச் சுற்றி மண்ணில் ஒரு சென்ரிமீற்றர் அழுத்தவும், வெளிப்பக்கம் மண் அணைக்கவும். இல்லாவிட்டால் அடியால் ஒழுகும்.

பழைய மாச்சட்டியில் முதலில் தண்ணீர். அதில் சாந்தைத் தூவ வேண்டும். சாந்தில் தண்ணீர் ஊற்றினால் கட்டி பிடிக்கும். ஒரு நிமிடம் ஊற விட்டு, மெதுவாக ஒரே பக்கமாகக் கலக்கவும். தோசை மாப் பதம். அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழி சேர்ந்து அச்சில் ஓட்டை விழும். கலந்ததும் ஐந்து நிமிடத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். தடத்தின் நடுவில் நேராக ஊற்றக் கூடாது, ஓரத்தில் ஊற்றித் தானாகப் பரவ விடுங்கள். நேராக விழும் சாந்து விரல் விளிம்பைக் கரைத்துவிடும்.

மேற்பரப்பு இறுகத் தொடங்கும்போது குச்சியால் திகதி, இடம், விலங்கு நடந்த திசை எழுதுங்கள். சாந்து இறுகும்போது சூடேறும், பிறகு ஆறும். ஆறிய பின்தான் எடுக்க வேண்டும். வெயிலில் அரை மணி, மூடுபனி நாளில் ஒரு மணிக்கும் மேல். நகத்தால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பிடித்து இழுக்காமல், வளையத்துக்கு வெளியே மூன்று விரல் தள்ளிக் கத்தியால் தோண்டி மண்ணோடு தூக்குங்கள். பத்திரிகைத் தாளில் சுற்றி இரண்டு நாள் காயட்டும். அடுப்புக்கு மேல் வைத்தால் வெடிக்கும். பிறகு பழைய பல் தூரிகையால் மண்ணைத் தட்டி எடுக்கலாம். பிள்ளைகள் அன்றே கழுவியிருந்தால் அதுதான் நொறுங்கியதற்கு இரண்டாவது காரணம்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: கையையோ விரலையோ குழைத்த சாந்துக்குள் விட்டு அச்சு எடுக்கக் கூடாது. கனமான சாந்து இறுகும்போது சதை வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும், கையை வெளியே இழுக்கவும் முடியாது. மிஞ்சியதை வடிகானில் ஊற்றவும் வேண்டாம், அங்கே இறுகி அடைத்துக்கொள்ளும். தடம் எடுக்கப் போவது காலை எட்டு மணிக்குப் பிறகு, பெரியவர்களோடு. தடம் போன திசையில் பின்தொடர வேண்டாம்.

#9 கவ்வாத்துக்கத்தி

எடுத்த அச்சை அடையாளம் காண: பூனைக் குடும்பம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும், நாய்த் தடத்தில் நகப் புள்ளி தெரியும். ஆனால் வழுக்கும் சேற்றில் சிறுத்தையும் நகத்தை ஊன்றும், ஆகவே நகத்தை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பைப் பாருங்கள். பூனைக் குடும்பத்துக்கு மூன்று மேடு. நாய்த் தடத்தில் நடு மெத்தைக்கும் விரல்களுக்கும் இடையே இரு மூலைவிட்டக் கோடுகள் வரைந்தால் பெருக்கல் குறிபோல வெட்டிக்கொள்ளும், எந்த மெத்தையிலும் படாது. சிறுத்தையின் தடத்தில் அந்தக் கோடு மெத்தையில் இடிக்கும்.

அகலத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். வளர்ந்த சிறுத்தையின் முன்கால் 7 முதல் 9 சென்ரிமீற்றர். 5க்குக் கீழ் என்றால் மீன்பிடிப் பூனையோ அதைவிடச் சிறியதோ. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த தடம் விரிந்து பெரிதாகத் தெரியும், "ராட்சதப் புலி" என்ற பேச்சு பெரும்பாலும் இப்படிப்பட்ட தடத்திலிருந்துதான் கிளம்புகிறது. குளம்புத் தடமாக இருந்தால், பின்னால் இரு பக்கமும் சின்னக் குளம்பும் பதிந்திருந்தால் காட்டுப்பன்றி. பதியாமல் 7 சென்ரிமீற்றருக்கு மேல் நீளம் என்றால் மரை, 3 சென்ரிமீற்றர் அளவென்றால் குரைக்கும் மான்.

ஐந்து விரலும் இடையில் சவ்வும் ஆற்றோர மணலில் தெரிந்தால் நீர்நாய். பக்கத்துப் பாறையில் அதன் எச்சத்தைத் தேடுங்கள், நண்டோட்டுத் துண்டும் மீன் செதிலுமாக நொறுங்கும். குச்சியால் மட்டும் கிளறுங்கள்.

#10 ஊவாக்காற்று

மந்தியையும் குரங்கையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள் டீச்சர். இரண்டும் இலங்கைக்கே உரியவை, சாப்பாட்டு முறை தலைகீழ். செங்குரங்கு கன்னப் பையில் அவசரமாக அடைத்துக்கொண்டு, மரத்தில் ஏறிப் புறங்கையால் கன்னத்தைத் தள்ளித் தள்ளி நிதானமாகத் தின்னும். மந்திக்குக் கன்னப் பை இல்லை. அதன் இரைப்பையில் பல அறைகள், அதற்குள் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்துச் செரிக்கின்றன. பாணும் இனிப்புப் பழமும் அங்கே வேகமாகப் புளித்து அமிலமாகி வயிறு ஊதிவிடும். அதனால் ஹக்கல பூங்காவில் மந்திக்கு வாழைப்பழம் கொடுப்பது உதவி இல்லை. காலையில் காடு அதிரக் கேட்கும் கரகரத்த கூப்பாடு ஆண் மந்தியினது, பக்கத்துக் கூட்டத்துக்கு எல்லையைச் சொல்கிறது.

#11 ஓயாக்கரை

தேவாங்கு இல்லாமல் பத்திரிகை நிறைவாகாது. கால் கிலோகூட இல்லை. பாயாது, கிளையை விட்டுக் கிளைக்குக் கைப்பிடி மாற்றியே போகும். கிளைகள் தொடாத இடத்தில் அதற்குப் பாதை முடிந்தது, தரைக்கு இறங்க வேண்டும். காட்டுக்கு நடுவே ஒரு தார் வீதி விழுந்தால்கூட அதற்குப் பெரிய இடைஞ்சல். பின்காலின் இரண்டாம் விரலில் மட்டும் நீண்ட நகம், உரோமம் கோத. ஹோட்டன் சமவெளியில் வாழும் துணையினம் 1937க்குப் பின் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகளே கண்ணில் பட்டது, அழிந்ததாகவே எண்ணினார்கள். 2010இல்தான் முதல் முறையாக அதன் படங்கள் வெளியாகின. தாழ்நிலத் தேவாங்கைவிடக் கால்கள் குட்டை, உரோமம் அடர்த்தி. குளிருக்கு இரண்டும் உதவும்.

இரவில் தேடுவதென்றால் ரோச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு. ரோச்சை நெற்றியோரம், கண் மட்டத்தில் பிடிக்க வேண்டும். இடுப்பளவில் பிடித்தால் கண்ணொளி உங்களுக்குத் திரும்பாது. விழித்திரைக்குப் பின்னாலுள்ள பளபளப்பான படலம் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்புவதுதான் காரணம். மனிதக் கண்ணில் அந்தப் படலம் இல்லை. கண் தெரிந்ததும் வெளிச்சத்தை விலக்கிவிடுங்கள்.

#12 பட்டிப்பொலப்பனி

சின்னப் பெட்டிகளுக்கு இரண்டு. பறக்கும் அணில் பறப்பதில்லை, கை கால்களுக்கு இடையிலுள்ள தோலை விரித்து மேலிருந்து கீழே சறுக்கும். பாலூட்டிகளில் உண்மையாகப் பறப்பது வௌவால் மட்டும்.

மூஞ்சூறு எலியில்லை. எலிக்கு முன்னால் உளிபோல வெட்டுப்பல், பிறகு வெற்றிடம். மூஞ்சூறுக்கு வரிசையாகக் கூர்ப்பல், உணவு பூச்சியும் புழுவும். உடல் சிறிதானால் எடைக்கு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம், சூடு விரைவில் போய்விடும். மலைக்குளிரில் அதை ஈடுகட்ட இரவும் பகலும் அடிக்கடி தின்றே ஆக வேண்டும், சில மணி நேரப் பட்டினியே கொன்றுவிடும். இலங்கையில் மட்டுமே உள்ள மூஞ்சூறுகள் பல இந்த ஈரமலைக் காட்டில்தான் இருக்கின்றன.

#13 தேயிலைத்தூறல்

சாந்து அச்சில் மெத்தை வெளியே புடைத்து நிற்குமே, பிள்ளைகளுக்குக் குழப்பமாக இருக்காதா?

#14 ஓயாக்கரை

இருக்கும். காய்ந்த அச்சின் மேல் மெல்லிசாகத் தேங்காயெண்ணெய் பூசி, தட்டில் பரப்பிய ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுங்கள். காட்டில் கிடந்த மாதிரியே பள்ளமாக வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எண்ணெய் பூச மறந்தால் களிமண் விரல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும், தூரிகையால்கூட முழுதாகப் போகாது. ஒரு அச்சை எட்டு, பத்துத் தடவை பயன்படுத்தலாம், ஆகவே மூன்று வகுப்புக்கும் ஒரே அச்சுப் போதும்.